நிழல் பக்கத்துக் கைராசி

எங்கள் தெருவில் என் ஓரகத்தியைக் கொசுக்கா என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தது என் பிள்ளைகள் என்று அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். வைத்தது நான்.

கொசுதான், ஆனால் வலிக்காத கொசு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் அங்கே போனாள். கழுவிக்கொண்டே மற்றவர்கள் ஊசி போடுவதைப் பார்த்தாள், மாலையில் போய்ப் படித்தாள், பரீட்சை எழுதினாள், வெள்ளைக் கோட்டு வாங்கினாள். இப்போது டாக்டர்களே தங்களுக்குப் பரிசோதனை என்றால் அவளிடம்தான் கையை நீட்டுகிறார்கள். நரம்பு தெரியாத கிழவரோ, கத்துகிற குழந்தையோ வந்தால் அவளைத்தான் தேடுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழங்கையின் உட்பக்கத்தை ஒரு விரலால் தடவுவாள். அவ்வளவுதான். "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். கைராசிக்காரி என்று பேர்.

அது அங்கே. வீட்டில் கைராசிக்காரி நான்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வீட்டைப் பிரித்தபோது தோட்டத்தின் குறுக்கே இடுப்புயரச் சுவர் ஒன்று வந்தது. எந்தப் பக்கம் வேண்டும் என்று மூத்தவளைத்தான் முதலில் கேட்டார்கள். ராத்திரி முறை வரும்போது பகலில் தூங்க வேண்டும், குளுகுளுவென்று இருக்கும் என்று மரத்தடிப் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு வெயில் பக்கம். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது நான். பிறகு என் பக்கத்தில் கத்தரி காய்த்தது, ரோஜா பூத்தது, கிள்ளிப்போட்ட கிளையெல்லாம் துளிர்த்தது. அவள் வைத்த ரோஜா நோஞ்சானாகி நின்றது. தக்காளி நீளமாக வளர்ந்து, இலை மட்டும் விட்டு, விழுந்தது.

"சின்னவ குச்சியை ஒடிச்சு நட்டாக்கூடத் துளிர்க்கும்" என்பார் எங்கள் மாமியார். "பெரியவ வச்சா பிளாஸ்டிக் செடிகூட வாடிடும்."

அவளுக்கு வயிறு எரியும். "வெயிலை எல்லாம் உன் பக்கமே இழுத்துக்கிறியே" என்பாள், நான் என்னவோ வெயிலை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டியதுபோல. எனக்கு மட்டும் எரியாதா? அவள் தெருவில் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். நான் வந்தால் கத்தரிக்காய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவளுக்கு வேலை, சம்பளம், கோட்டு, மரியாதை. எனக்கு இந்த ஒரு பட்டம். அதையாவது விட்டுவைக்கக் கூடாதா?

விட்டுவைக்கவில்லை. வனக்காவலர் ஒருவர் அவளிடம் ரத்தம் கொடுக்க வந்தார். வலிக்காத சந்தோஷத்தில், அடுத்த முறை வரும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு பிடி விதை கொண்டுவந்து கொடுத்தார். இந்தப் பக்கத்துக் காட்டிலேயே, பெரிய மரங்களுக்கு அடியில் வளர்கிற செடியாம். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் தானே மேலே வருமாம். செல்போனில் படம்கூட வைத்திருந்தாள். மெல்லிய தண்டு, உச்சியில் மூன்று இலை, நடுவில் ஒரு வெள்ளைப் பூ.

"இது நிழல்லதான் வருமாம்" என்றாள் சுவருக்கு மேலே படத்தைக் காட்டி. "உன் பக்கம் வச்சா கருகிடுமாம்."

அந்தக் 'கருகிடுமாம்'-ஐச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

குறை சொல்ல முடியாதபடி செய்தாள். விதையைக் காயவிடவில்லை. மரத்தடியில் மக்கிக் கிடந்த இலையை அள்ளி அகலத் தொட்டியில் நிரப்பி, மேலாகத் தூவி, ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு மேல் குனிவாள். அந்த நேரத்துக்குச் சரியாக எனக்குத் துணி காயப்போடுகிற வேலை வந்துவிடும்.

"வந்துச்சாக்கா?" தேன் ஒழுகக் கேட்பேன்.

"வரும் வரும்."

அவள் இல்லாதபோது நானே எட்டிப் பார்ப்பேன். பாசி மட்டும் படர்ந்திருக்கும். நிம்மதியாகத் தூக்கம் வரும். மழை போனது, குளிர் போனது, மறுபடி வெயில் வந்தது. தொட்டி தொட்டியாகவே இருந்தது. மாமியார் பிளாஸ்டிக் செடிக் கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொசுக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக வந்து, குப்பைக் குழியில் மொத்தத்தையும் கொட்டினாள். குழி எங்கள் பக்கம், குளியலறைக்குப் பின்னால், வெயிலே எட்டிப் பார்க்காத மூலையில் இருக்கிறது. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அன்று நான் பாடிக்கொண்டே சமைத்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து அந்த வனக்காவலர் மறுபடி மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். அன்று மாலை, அவள் தன் கணவரிடம் பேசியது சமையலறைச் சுவர் வழியாகக் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் அந்தச் சுவர் பொது. நான் காதைக் கொண்டுபோய் வைக்கவில்லை, காதுதான் போனது.

"முதல் வருஷம் மண்ணுக்குள்ள வேர் மட்டும்தான் விடுமாம். இலை அடுத்த வருஷம்தான் வெளிய வருமாம். உயிரோட இருந்ததைக் கொட்டிட்டேங்க."

"விடு, வேற விதை கேட்டு வாங்கிக்கலாம்."

"அவருக்கு மாத்தலாயிடுச்சு. சொல்லிட்டுப் போகத்தான் வந்தாரு."

மறுநாள் சுவரோரம் வந்து நின்றாள். "அந்தக் குழியை யாராவது கிளறினீங்களா?"

"இல்லையேக்கா. ஏன்?"

"சும்மாதான்."

சுற்றி வந்தால் குழி. வந்து தேடியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் குப்பையில் குனிந்து நிற்பதை நான் பார்த்துவிடுவேனே! அதற்கு அவள் செடியே வேண்டாம் என்று விடுவாள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இந்த விஷயத்தில் நாங்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

அடுத்த குளிர் முடிந்த சமயம், காய்கறித் தோலைக் கொட்டப் போனேன். குழியின் ஓரத்தில், மக்கிய இலைகளுக்கு நடுவே, நூல் மாதிரித் தண்டுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று இலை. சட்டி என் கையிலேயே நின்றது. அந்தப் படத்தை அவள் எனக்கு எத்தனை தடவை காட்டியிருக்கிறாள்!

"நம்ம குழியில முளைச்சது நம்மளதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். "எல்லாம் உன் கைராசி."

அப்படித்தான் எனக்கும் தோன்றியது. உடைந்த கூடையைக் கவிழ்த்து மூடினேன். குப்பையை வேறு இடத்தில் கொட்டினேன். பூத்த பிறகு வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும், மாமியார் நாலு பேரைக் கூப்பிட வேண்டும், அவள் கோட்டும் பையுமாக வரும்போது, "என்னன்னே தெரியலக்கா, தானா வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் எனக்கு அடிக்கடி தலை சுற்றியது. ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். அவள் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். வேறு ஒரு பெண்தான் இருந்தாள். ஒரு கையில் குத்தினாள், கிடைக்கவில்லை. மறு கையில் குத்தினாள், கிடைக்கவில்லை. பிறகு அவளே போய்க் கொசுக்காவைக் கூட்டிவந்தாள்.

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ" என்றாள் கொசுக்கா. கண்ணை மூடி விரலால் தடவினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். முடிந்துவிட்டது என்றாள். கொஞ்சமாவது வலித்திருக்கலாம். எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

"அக்கா, ஏதோ காட்டுச்செடி போட்டீங்களே, வந்துச்சா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

கொசுக்கா குழாயில் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அதெல்லாம் இவ கைக்குத்தான் வரும். என் கை ஊசிக்கு மட்டும்தான்" என்றாள். என் முழங்கையில் பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டாள். "கொஞ்ச நேரம் மடக்கியே வச்சுக்கோ."

இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் தவம் கிடந்தேன்! அவள் வாயாலேயே, நாலு பேர் முன்னால், அதுவும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சொல்கிறாள். எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டாமா? குளிரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்தால் எப்படி? குப்பையில் கிடக்கிற அவளுடைய விதையை மூடி வைத்துக்கொண்டு நான் யாரை ஜெயிக்கப்போகிறேன்? பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை கையை நீட்ட மறந்திருந்தேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், பெரிய கரண்டியால் மண்ணோடு அள்ளி, அவள் பக்கத்து மரத்தடியில் நட்டேன். மனசு வரவில்லை. கை மட்டும் நட்டது. ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்துவந்து ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது அந்த வாரமே கருகியது.

நட்ட அன்று மாலை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். தோளில் பையோடு வந்தவள் நின்றாள், குனிந்தாள், அப்படியே வெள்ளைக் கோட்டோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஏய், ஓடி வா! வந்திருக்கு!" என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

"கொட்டப் போறப்போ இங்க கொஞ்சம் சிந்தியிருக்கும் போல" என்றாள்.

"ஆமாக்கா, சிந்தியிருக்கும்."

பூப்பதற்கு இன்னும் சில வருஷம் பிடித்தது. கோடையில் செடி மறைந்துபோகும்போதெல்லாம் அவள் தவித்தாள், மறுபடி தலை காட்டியதும் தெருவுக்கே சொன்னாள். அத்தனையையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இந்த வருஷம் ஒரு செடியில் மொட்டு விட்டு விரிந்தது. மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பெரியவளுக்கும் கைராசி இருக்கு. என்ன ஒண்ணு, லேட்டா வந்திருக்கு" என்றார்.

கொசுக்கா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். "உனக்கு எது வச்சாலும் வரும். இது மட்டும் வரல பாத்தியா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பதில் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஆமாக்கா. எனக்கு வரல" என்றேன்.

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம் என்றுதான் குனிந்து பார்த்தேன். பூ அழகாக இருந்தது.