இருநூறு வாட்டா, நானூறு வாட்டா

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் அறையொன்றில் இருந்துகொண்டு அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான பரீட்சைக்குப் படித்த தமிழன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னிடம் வானொலிக் கருவி எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் பாடம் எழுதிய ஒரு கொப்பியும், கணக்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பும்தான்.

"இந்த விசர் வேலையை விடடா. செக்கிங்குக்கு வந்தால் என்ன சொல்லுவாய்?" என்று அறை நண்பன் தினமும் நச்சரிப்பான்.

ஒரு ஞாயிறு காலை ஆமிக்காரர் வந்தேவிட்டார்கள். அறை அறையாக அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் பார்த்துக்கொண்டு வந்த அதிகாரி, எங்கள் மேசையில் கிடந்த கொப்பியைப் புரட்டினார். அலைகளின் படம், அன்டெனா, வாட் கணக்கு.

"மேக்க மொகத்த?" என்றார், இது என்னவென்று சிங்களத்தில்.

இதைவிடச் சின்னக் காரணத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் மாதக்கணக்கில் திரும்பவில்லை. பரீட்சைக்குப் படிப்பதாக எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு கணக்கை வாசித்தார். யாரும் பேசாதபோது நூறு வாட் அனுப்பும் கருவி, நூறு சதவீத மொடியூலேஷனில், அதாவது குரல் ஏறக்கூடிய மட்டும் ஏறும்போது, உச்சத்தில் எவ்வளவு அனுப்பும்? இருநூறு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

"இது பிழை, மல்லி. நானூறு," என்றார் தமிழில்; தம்பி என்பது மட்டும் சிங்களத்தில். சிக்னல் பிரிவில் இருந்தவராம்.

அந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டிருக்க வேண்டும். எனக்கோ ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லை சேர், இருநூறுதான். நூறு சதவீதம் கூடினால் ரெண்டு மடங்குதானே?"

நண்பன் என் காலை மிதித்தான். நான் காலை இழுத்துக்கொண்டு திரும்பவும் அதையே சொன்னேன். வாசலில் துவக்கோடு நின்ற சிப்பாய் எட்டிப் பார்த்தான்.

அதிகாரி பேனையை எடுத்தார். "வோல்டேஜ் ரெண்டு மடங்கு. கரன்ட்டும் ரெண்டு மடங்கு. பவர் என்டா ரெண்டையும் பெருக்கணும். ரெண்டு தர ரெண்டு?"

"நாலு, சேர்."

"நூறு தர நாலு?"

"நானூறு, சேர்."

பக்கத்தைப் புரட்டினார். ஐம்பது சதவீதத்துக்கு நூற்றைம்பது என்று எழுதியிருந்தேன். வெட்டிவிட்டு, ஒன்றரை தர ஒன்றரை என்று போட்டு, இருநூற்றிருபத்தைந்து என்று எழுதினார். அடுத்த மூன்று பக்கமும் அதே பிழை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனால் பக்கத்து அறைக்குக்கூடச் செய்தி அனுப்ப ஏலாது என்று சிப்பாயிடம் சிங்களத்தில் சொல்லி, கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சந்தோஷத்தைவிட அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"இண்டையிலயிருந்து ஒழுங்காப் படிக்கப் போறன்," என்றேன்.

நண்பன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "ஐயோ, படிச்சுப்போடாதையடா. இண்டைக்கு உன்னைக் காப்பாத்தினது அந்தப் பிழைதான். அடுத்தமுறை அவங்கள் வரேக்க எல்லாம் சரியா இருந்தால் என்ன செய்வாய்?"