முழங்காலின் நடிப்பு

இன்ஜினியரிங் படித்துவிட்டு, கார் பட்டறையில் பல வருஷம் ஷாக் அப்சார்பர்களோடு மல்லுக்கட்டியவள் அவள். எலக்ட்ரீஷியனான கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்காலை முறித்துக்கொண்டபோது, டாக்டர் காட்டிய எக்ஸ்ரேயைப் பார்த்து அவளுக்குப் பித்தே பிடித்துவிட்டது. இவ்வளவு அழகான மெஷினை எந்த வண்டியிலும் அவள் பார்த்ததில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்போதே, உடம்பின் அசைவுகளை மெஷின்போல ஆராயும் பயோமெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதுநிலைப் படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று ஆய்வுக்கூடத்தில் அதே முழங்கால்தான் பரிசோதனைக்கு. கால் அசைவைக் கேமராக்கள் பதிவுசெய்வதற்காகக் கணவரின் கால் முழுக்கப் பளபளக்கும் குட்டி உருண்டைகளை ஒட்டி, அவற்றுக்கு நடுவே நடக்கவிட்டாள். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கத் தரையில் தட்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு தட்டையும் குறிபார்த்து மிதித்தார். திரையில் கோளாறே இல்லாத ஒரு கால் நடந்தது.

"ஏங்க, மேடையேறி பரிசு வாங்கவா போறீங்க? வீட்ல நடக்கிற மாதிரி நடங்க!"

"அப்படித்தானே நடக்கிறேன்!"

மறுபடி மறுபடி அதே கூத்து. அவளுக்கு அலுத்துப்போயிற்று.

"போதும், முடிஞ்சுது. போய்ச் சாப்பிடுங்க."

எரிச்சலில் கேமராக்களை நிறுத்த மறந்துவிட்டாள். அவரோ விட்டால் போதும் என்று, தட்டுகளை மிதித்துக்கொண்டே கேன்டீனுக்குக் கிளம்பினார்.

திரையில் கோடுகள் துள்ளின. வலது கால் அழுத்தி ஊன்ற, இடது கால் பட்டும் படாமல் பின்தொடர்ந்தது. தினமும் சாயங்காலம் வாசலில் கேட்கும் அதே காலடி.

"வந்துட்டாரு!" என்று கூடமே அதிரக் கத்தினாள். "என் புருஷன் வந்துட்டாரு!"