ஐந்து பதினேழுக்கு வந்த உறைகள்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். சின்ன ரவும் பெரிய றவும் எனக்கு இன்னும் இடம் மாறித்தான் விழுகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றும் வேலை பார்க்கிறவர்களின் சங்கம் அது. நான் அங்கே டிஸ்பேட்ச். காகிதங்களை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும் என் வேலை.

சங்கத்தை நடத்துகிறவர்கள் ஒன்பது டிரஸ்டிகள். தமிழில் அறங்காவலர்கள் என்பார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள், சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். கூட்டத்தில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் சுலபத்தில் நம்ப மாட்டார். அவர்கள் தொழிலே அதுதான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிரஸ்டி தேர்தல் வரும். கம்ப்யூட்டரிலேயே ஓட்டுப் போடலாமே என்று ஒவ்வொரு முறையும் பேச்சு எழும். ஒருவர் ஒரு சிஸ்டத்தைக் கொண்டுவந்து காட்டுவார். அடுத்த கூட்டத்துக்குள் இன்னொருவர் அதை உடைத்துக் காட்டிவிடுவார். கடைசியில் ஓட்டுச் சீட்டு, ஒட்டிய உறை, இரும்புப் பெட்டி என்றே முடிவாகும். பிறகு பெட்டியின் சாவி யாரிடம் இருப்பது என்று தகராறு. டிரஸ்டிகளில் பாதிப் பேர் மறுபடியும் போட்டியிடுகிறவர்கள். ஆபீஸ் செகரட்டரிப் பெண்ணும் சங்க உறுப்பினர்தான். ஒருமுறை நான் காப்பி வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு டிரஸ்டி மேடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

"சாவிய அண்ணங்கிட்ட குடுங்க. அவருக்கு யாரு ஜெயிச்சாலும் ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் ஒன்பது பேரும் ஒத்துப்போனார்கள்.

அந்த மேடம் கிள்ளானில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். தேர்தல் விதிகளை எழுதியதும் அவர்தான். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குமேல் வரும் உறை பெட்டிக்குள் போகக் கூடாது. நான் கொண்டுவரும் உறைகளுக்கு என் மேசையில் இருக்கும் பதிவுப் புத்தகத்தில் நானே நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம், எல்லாம் ஈமெயிலில் போகிறதே, இனி டிஸ்பேட்ச் எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அவரு இருக்கட்டும்" என்று மேடம் சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை.

இந்த முறை அவருக்குப் போட்டி கடுமை என்று செகரட்டரிப் பெண் சொன்னாள். கிள்ளான் ஓட்டு வந்தால்தான் தேறுவார். அங்கே பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

கடைசி நாள் காலையில் வேறு காகிதங்களோடு செலாயாங் போனேன். அங்கிருந்து அம்பாங். சாப்பிட்டுவிட்டுக் கிள்ளான். அங்கே ஒருவர் பதினொரு உறைகளைச் சேர்த்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி வாங்கிக்கொண்டு மூன்றரைக்குக் கிளம்பினேன். ஷா ஆலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பெடரல் ஹைவே மோட்டார் சைக்கிள் பாதையில் ஒரு பாலத்துக்கு அடியில் மற்றவர்களோடு ஒதுங்கினேன்.

நாலு இருபதுக்கு மழை விட்டது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாப்பாடு டெலிவரி செய்கிற ஒரு தம்பி என்னைப் பார்த்தான்.

"மழை விட்டுருச்சு அங்கிள், போகலியா?"

"போறேன்லா. நீங்க போங்க."

நான் போகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் இருந்தது. முதுகு வலித்தது. அதுகூடப் பெரிய வலி இல்லை. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. எத்தனையோ வருடமாக இதே பாதையில் யாரோ எழுதியதை யாருக்கோ சுமந்துகொண்டிருக்கிறேன். அன்றுதான் எல்லாம் சேர்ந்து ஒரே பாரமாக உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். அது இருபது நிமிடமாகிவிட்டது. பிறகு ஓட்டினால், மழைக்குப் பின் நெரிசலில் பைக்கே நகரவில்லை.

படியேறிப் போனபோது ஆபீஸில் செகரட்டரிப் பெண் மட்டும் இருந்தாள். பெட்டியின் வாயை ஒட்டுவதற்கான ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒட்டாம வச்சிருக்கேன் அங்கிள். சீக்கிரம் போடுங்க."

"மணி அஞ்சு பதினேழு."

"அந்தக் கடிகாரம் ஃபாஸ்ட்டு."

"என்னோடதும் அதே காட்டுது."

"நாலு அம்பதுன்னு எழுதுங்களேன். யாரு பாக்கப் போறா? நாளைக்கு எண்ண வர்ற ரெண்டு பேரும் வெளிச் சங்கத்துக்காரங்க. உங்க எழுத்த எவன் சந்தேகப்படுவான்?"

அவள் சொன்னது உண்மைதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கம்ப்யூட்டரையே நம்பாத அத்தனை பேரும் என்னை நம்பினார்கள். யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்று என்பதால் நம்பினார்கள். அன்று எனக்கு அப்படி இல்லை. மேடம் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதனாலேயே என்னால் எழுத முடியவில்லை. 5.17 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் எண்ணினார்கள். மேடம் நாலு ஓட்டில் தோற்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் தன் குவளையையும் குடையையும் எடுத்துப் போக வந்தார். என் மேசைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"அஞ்சு பதினேழா அண்ணே?"

"ஆமா மேடம். மழை."

"எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"ஷா ஆலம் தாண்டி. பாலத்துக்கு அடியில."

"நின்னது நல்லதுதான். இந்த வயசுல வழுக்கி விழுந்து வைக்காதீங்க." கொஞ்சம் சிரித்தார். "அஞ்சு மணி ரூல் போட்டது நான்தான். அஞ்சரைன்னு போட்டிருக்கலாம். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் மேடம்."

சாப்பிட்டிருக்கவில்லை. அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மழை முன்னமே விட்டுவிட்டது என்று சொல்ல அத்தனை படிகளும் இருந்தன. நான் எழுந்திருக்கவில்லை.

உறைகளைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. மறுவாரம் பதினொன்றையும் கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்க என்னண்ணே செய்வீங்க, மழைக்கு" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மேடத்தைப் பிரிக்பீல்ட்ஸில் மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் பைக்கைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். உறைக்குள் இருந்த ஓட்டுகள் யாருக்கு என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை வந்திருந்தாலும் தோற்றிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தை அது குறைக்கவில்லை. இந்தத் தாள்களை அவரிடம் கொடுப்பேனா என்று இன்னும் தெரியவில்லை. எழுதியாவது விட்டேன்.

17 நவம்பர் 2024, ஞாயிறு.