மஞ்சள் பப்பாளி

கணவர் இறந்தபின் ஆயர் ஈத்தாம் ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். பப்பாளியின் மரபணுக்களை ஆராய்வது என் வேலை. ஒருநாள் சந்தையில் மஞ்சள் பப்பாளி கேட்டேன்.

“சிவப்பு எடுங்கக்கா, அதுதான் இனிப்புலா,” என்றார் கடைக்காரர்.

“மஞ்சளாக்குற மரபணு கெட்டுப்போனா பழம் சிவப்பாயிரும். இனிப்புக்கு வேற மரபணுக்கள் இருக்கு தம்பி.”

அவர் சிரித்தார். “அப்ப வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க.”

மஞ்சளையே வாங்கிவந்து வீட்டில் அறுத்துத் தின்றேன். அப்படி ஓர் இனிப்பு. அதைச் சொல்ல மகளை அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. மீதிப் பாதியைத் தட்டில் வைத்து, இதுவரை பேசியிராத பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் கொடுத்தேன். தட்டைத் தர நாளை வருவதாக மலாய் மொழியில் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போகாமல் காத்திருந்தேன். மாலையில் கதவைத் திறந்தபோது, கழுவிய தட்டு வாசலில் இருந்தது.