நிக்கலஸ் இழுக்கும் இடம்

ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெயினர் யார்டில் றேமண்டுக்குக் கணக்கெழுதும் கிளாக் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் கொட்டாஞ்சேனை. இளவயதில் கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசித்துத் திரிந்தவன்; வேலையும் குடும்பமும் வந்தபின் அது நின்றுபோனது. கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதப் பழகிய பிறகுதான் அவனுக்கு மறுபடி உற்சாகம் வந்தது. தங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவின் பாட்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி, கம்ப்யூட்டரையே வாசிக்கவைத்து, எல்லாருடைய போனுக்கும் அனுப்பினான். எல்லாரும் நன்றி சொன்னார்கள். ஞாயிறு வந்ததும், பூசைக்கு ஓகன் என்ற கட்டை வாத்தியம் வாசிக்கும் நிக்கலஸின் முகத்தைப் பார்த்துத்தான் பாடினார்கள்.

நிக்கலஸ் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். றேமண்டும் மனைவி பேர்ணடெற்றும் அந்தக் குழுவில்தான் பாடுகிறார்கள். ஒருநாள் பேர்ணடெற் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"உங்கட கம்ப்யூட்டர் பிழைவிடாது, ஓம். ஆனா ஒரே வேகத்தில ஓடுது. திருவிழாப் பாட்டில மூண்டாவது அடியில நிக்கலஸ் அண்ணன் கொஞ்சம் இழுப்பாரே, அதில எனக்கு அழுகையே வந்திரும்."

றேமண்டுக்கு வயிறு எரிந்தது. கலியாணமாகி இத்தனை வருசத்தில் தன் வாசிப்புக்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

அன்றே மூன்றாவது அடியின் மேல் 'மெதுவாக' என்று எழுதினான். கம்ப்யூட்டர் சட்டை செய்யவில்லை. அதற்கு அது வெறும் எழுத்து. வேகத்தை இலக்கமாகக் கொடுத்தால்தான் கேட்கும் என்று பிறகு பிடிபட்டது. ஒரேயடியாக இலக்கத்தைக் குறைத்தால் பாட்டு பிரேக் போட்ட பஸ்ஸாகக் குலுங்கியது. தட்டுத்தட்டாகக் குறைத்தான், திரும்பவும் ஏற்றினான். அப்போதும் மரக்கட்டையாகத்தான் இருந்தது. கடைசியில் பூசையில் நிக்கலஸ் வாசித்ததைப் போனில் பிடித்துவந்து, ஒவ்வொரு தாளத் தட்டும் எவ்வளவு நீளுகிறதென்று அளந்து, அப்படியே ஏற்றினான். கண்டால் எரிகிற மனிதனின் கையை அவ்வளவு கவனமாக அவன் வேறெதிலும் கேட்டதில்லை.

அந்தச் சமயம் நிக்கலஸுக்குக் கண் ஒப்பரேசன். ஒத்திகைக்கு றேமண்டின் கம்ப்யூட்டர்தான் வாசித்தது. மூன்றாவது அடி வந்ததும் பேர்ணடெற் கண்ணைத் துடைத்தாள்.

"அப்பிடியே நிக்கலஸ் அண்ணன்!" என்று குழுவே கைதட்டியது. றேமண்டின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு பார்க்கவந்திருந்த நிக்கலஸ் கதவடியில் நின்று சிரித்தார். தம்பிமாரை அவர் 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார்.

"மல்லி, அதில ஏன் இழுத்து வச்சிருக்கிறீர்?"

"நீங்கள் இழுக்கிறனீங்கள்தானே, அண்ணன்."

"அட, அது பக்கம் புரட்டுறதுக்கு! ஒரு கையால புரட்டேக்க மற்றக் கை பிந்தும்."

றேமண்டுக்கு உள்ளுக்குள் குதூகலம். இனி எல்லாருக்கும் இந்த ஆளின் பவுசு தெரியும் என்று சுற்றிப் பார்த்தான். அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஐயோ, பாவம் அண்ணன்!" என்று பேர்ணடெற் ஓடிப்போய்க் கதிரை எடுத்துப் போட்டாள். அவர்மேல் இருந்த பிரியம் கூடித்தான் போனது.

திருவிழாவுக்கு முன் நிக்கலஸின் கண் தேறிவிட்டது. றேமண்ட் பாட்டு முழுவதையும் ஒரே நீளத் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய் ஓகனில் வைத்தான். "இனிப் புரட்டத் தேவையில்லை, அண்ணன்."

"நல்ல வேலை செய்தீர், மல்லி," என்று நிக்கலஸ் முதுகில் தட்டினார்.

பூசையில் மூன்றாவது அடி வந்தது. றேமண்ட் பாடிக்கொண்டே அவர் கையைப் பார்த்தான். இரண்டு கையும் கட்டையை விட்டு எழும்பவில்லை. ஆனாலும் பாட்டு இழுபட்டது, முன்னைவிடக் கூடவே. குழு முழுவதும் அந்த இடத்தில் அவருக்காகக் காத்து நின்றது. பேர்ணடெற் நின்றாள். றேமண்டின் தொண்டையும் அவனைக் கேளாமலே நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேர்ணடெற் அதையே கதைத்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை றேமண்ட் வேலையால் வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டு, மூன்றாவது அடியின் வேக இலக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.