இரும்புக் கயிறும் என்ரை வாயும்

பயப்பிட ஆசைப்பட்டு வாற ஆக்களுக்கு இடுப்புப் பட்டி கட்டி, "பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லி அனுப்பிறதுதான் எங்கடை தொழில்.

சுவிஸிலை கூர் எண்ட நகரத்திலை தபால் பஸ் ஏறிக் கடைசித் தரிப்பிலை இறங்கினால், ஒரு ஆறு மலையைப் பிளந்துகொண்டு வாற இடம் தெரியும். அந்தப் பிளவுக்குள்ளை, செங்குத்துப் பாறையிலை இரும்புப் படி அடிச்சு, வழி நெடுக ஒரு கம்பிக் கயிறு இழுத்து விட்டிருக்கினம். இஞ்சத்தை ஆக்கள் அதைக் கிளெட்டர்ஸ்டைக் எண்டுவினம். வாசலிலை இருக்கிற மரக் கொட்டிலிலை பட்டி, கொக்கி, ஹெல்மெட் வாடகைக்குக் குடுக்கிறது நான். பேர் செல்வி.

இதுக்கு முன்னம் பன்ரெண்டு வருசம் ஒரு ஹோட்டலின்ரை நிலக்கீழ் அறையிலை படுக்கை விரிப்புத் தோய்ச்சனான். யன்னல் இல்லை. மழையோ வெயிலோ எண்டு வீட்டை போகேக்கைதான் தெரியும். கொட்டில் வேலை கிடைச்ச அண்டைக்கு வெளியிலை நிண்டு வானத்தைப் பாத்துச் சிரிச்சனான். இந்த முறை சீசன் துவங்கேக்கை முதலாளி ரெட்டோ ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஆக்களைக் கூட்டிக்கொண்டு ஏறுற வழிகாட்டியும் அவர்தான். "அடுத்த வருசம் தொடக்கம் கொட்டிலிலை நிக்கிற ஆள் ஒருக்காலெண்டாலும் முழுப் பாதையும் போயிருக்கவேணும், செல்வி. ஒக்டோபரிலை பூட்ட முன்னம் ஏறு. இல்லாட்டி நான் வேறை ஆள் பாக்கவேணும்."

எனக்கு ஸ்ரூலிலை ஏறி பல்ப் மாத்தவே கால் உதறும். ஆனால் அந்த நிலக்கீழ் அறையை நினைச்சால் முழு உடம்பும் உதறும். அதோடை, உண்மையைச் சொல்லுறன், உள்ளுக்கை என்ன எண்டு அறியிற விடுப்பும் விடேல்லை. உள்ளுக்குப் போகேக்கை சளசளவெண்டு கதைச்சுக்கொண்டு போற சனம், வெளியிலை வரேக்கை ஒரு சொல்லும் இல்லாமல் வந்து நிக்கும். பேந்து எல்லாரும் ஒரேயடியாக் கதைப்பினம். உள்ளுக்கை அப்பிடி என்னதான் இருக்கு?

தராசு

இந்தத் தொழிலிலை கஷ்டமான கேள்வி "எத்தினை கிலோ?" எண்டதுதான். ஆள் விழேக்கை வாற அதிர்வைத் தாங்கிற பட்டை ஒண்டு கொக்கியோடை இருக்கு. நாப்பதுக்குக் குறைஞ்சாலும் நூற்றிருபதுக்குக் கூடினாலும் அது சரிவராது. கடைகண்ணியிலை நிண்டு ஆக்களிட்டை வயது கேட்டுப் பாத்தவைக்கு என்ரை பாடு விளங்கும். எல்லாரும் பொய்தான் சொல்லுவினம். அதாலை ஒரு தராசு வைச்சிருக்கிறன்.

ஒரு சுவிஸ்காரர், நல்ல வாட்டசாட்டம், நூற்றுப்பதினெட்டு எண்டார். தராசு கொஞ்சம் கூடக் காட்டிச்சுது. சப்பாத்தைக் கழட்டினார். பேந்து பெல்ட். பேந்து ஜக்கெட். ஒருமாதிரி முள்ளு நூற்றிருபதிலை வந்து நிண்டிது. அதுக்குப் பிறகும் கண்ணாடியைக் கழட்டி என்ரை கையிலை தந்தார். "ஐயா, போதும். கண்ணாடியைக் கழட்டி ஒண்டும் குறையப் போறேல்லை" எண்டன்.

"குறையாதெண்டு எனக்கும் தெரியும். நம்பரைப் பாக்கத் தேவையில்லைத்தானே!"

கொடி

மேலுக்கு ஏறுறவை மோதிரம், சங்கிலி ஒண்டும் போடக்கூடாது. கம்பியிலை மாட்டினால் விரலும் போகும், கழுத்தும் போகும். சுவிஸ் சனம் கழட்டிப் பெட்டிக்குள்ளை போட்டிட்டுப் போகும். ஒருநாள் ஃப்ரிபூர்க்கிலை இருந்து எங்கடை பிள்ளையள், புதுசா முடிச்ச சோடி, வந்திது. பெட்டையின்ரை கழுத்திலை கைவிரல் மொத்தத்திலை தாலிக்கொடி. ரெட்டோ அதைக் கண்டிட்டு "இது என்ன, நங்கூரச் சங்கிலியோ?" எண்டு என்னைக் கேட்டார். நான் விளங்கப்படுத்தினன். "கழட்டவே மாட்டினமோ? குளிக்கேக்கையும்? ஸ்கான் எடுக்கேக்கையும்?" எண்டு ஒவ்வொண்டாக் கேட்டார். அவருக்குச் சட்டத்தைவிட அந்தக் கதையிலைதான் அக்கறை.

கடைசியிலை நான் பெட்டையைத் திரைக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு போய், கொடியை நெஞ்சோடை மடிச்சு வைச்சு, விளையாட்டுக்காரர் சுத்திற பன்டேஜாலை இறுக்கிச் சுத்தி, மேலை சட்டையைப் பூட்டி விட்டன். வெளியிலை வரேக்கை மாப்பிள்ளை தன்ரை கலியாண மோதிரத்தைச் சுண்டிக் கழட்டிப் பெட்டிக்குள்ளை எறிஞ்சுபோட்டு விசிலடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"பாத்தியளோ அக்கா, இவருக்கு அது எவ்வளவு லேசாக் கழருது எண்டு!"

சனிக்கிழமை

ரெட்டோவோடை கதைக்கக் கொட்டிலிலை ஒரு வோக்கி டோக்கி இருக்கு. உள்ளுக்கை நடக்கிறது எனக்குக் கேக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ நாடகம் கேக்கிற மாதிரித்தான். ஒரு சனிக்கிழமை, முதியோர் இல்லத்திலை வேலை செய்யிற மட்டக்களப்புத் தம்பி ஒருத்தர் தன்னோடை வேலை செய்யிறவையோடை ஏறினார். கொஞ்ச நேரத்தாலை ரெட்டோவின்ரை குரல்: "செல்வி, உன்ரை ஆள் ஏணியிலை நிண்டு தலை சுத்துது எண்டுறார். காலமை என்ன சாப்பிட்டவர் எண்டு கேள்." கேட்டன். ஒண்டுமில்லை. புரட்டாதிச் சனி, விரதம். பின்னேரம் எள்ளெண்ணெய் எரிச்சுப்போட்டுத்தான் சாப்பாடாம்.

நல்ல காலம், கொக்கி கொழுவினபடி ஆள் பத்திரமாத்தான் நிண்டவர். ரெட்டோ பதறிப்போய்த் தன்ரை பையைத் திறந்து, இந்தப் பக்கத்திலை பேர்போன காய்ஞ்ச மாட்டிறைச்சி வைச்ச பாணை நீட்டியிருக்கிறார். நான் வோக்கிக்குள்ளாலை "அது வேண்டாம், வேண்டாம், வாழைப்பழம் இருந்தால் குடு" எண்டு கத்தினன். அதுக்குள்ளை தம்பியின்ரை குரலும் கேட்டிது.

"அக்கா, சனீஸ்வரன் ஏற்கெனவே என்ரை தோளிலைதான் குந்தியிருக்கிறார், மாட்டையும் ஏத்தினால் ஏணி தாங்காது எண்டு சொல்லுங்கோ!"

நீங்கள் போயிருக்கிறியளோ?

இதையும் கேப்பினம். செப்டெம்பர் முடியிற நேரம், நொஷாட்டல் பக்கத்து மனுசி ஒராள், எழுவது வயதிருக்கும், கிளவுஸைப் போட்டுக்கொண்டு பாதையிலை வாற கம்பிப் பாலம் எப்பிடி, பாலத்துக்கு அங்காலை எப்பிடி எண்டு நுணுக்கமாக் கேட்டா. நானும் கேள்விப்பட்டதெல்லாம் சொன்னன். பேந்து என்ரை முகத்தைப் பாத்து, நீங்கள் போயிருக்கிறியளோ எண்டா. இன்னும் இல்லை, ஒக்டோபரிலை பூட்ட முன்னம் போகாட்டி வேலை போயிடும் எண்டன். மனுசி ஒரு இனிப்பை எடுத்து என்ரை கையிலை வைச்சா.

"நான் இதுக்குக் காசு குடுத்திட்டு நிக்கிறன், உங்களுக்கு அவை சம்பளம் தருகினம். இதிலை ஆர் விசர் எண்டு யோசியுங்கோ."

பாலம்

ஒக்டோபர், பூட்டிறதுக்கு முந்தின கிழமை. ரெட்டோ முன்னாலை, நான் பின்னாலை. அவர் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்டுதான்: கயிறு பாறையோடை பூட்டியிருக்கிற ஒவ்வொரு இடத்திலையும் பட்டியிலை இருக்கிற ரெண்டு கொக்கியிலை ஒண்டைக் கழட்டி அங்காலை கொழுவினாப்பிறகுதான் மற்றதைத் தொடவேணும். படியெல்லாம் சுவிஸ்காரரின்ரை நெட்டைக் காலுக்கு அடிச்சது. எட்டி எட்டி ஏறினன். முதல் வளைவு தாண்டினதும் வெளிச்சம் குறைஞ்சு, வானம் ஒரு நாடா அகலத்துக்கு வந்திட்டுது. பாறையெல்லாம் ஆட்டுக்கல்லு மாதிரி வழுவழுவெண்டு தேய்ஞ்சிருந்திது. ஒரு வெடிப்புக்குள்ளை வெறும் குருவிக்கூடு. அட, இதுக்குள்ளையும் குடும்பம் நடத்தியிருக்கினம் எண்டு நினைச்சன்.

பேந்து பாலம். பாலமெண்டால் என்ன, காலுக்கு ஒரு கம்பி, கைக்கு ரெண்டு. கீழை, தலை சுத்திற ஆழத்திலை, ஆறு. ரெட்டோ ரோட்டிலை நடக்கிற மாதிரி அங்காலை போய் நிண்டு "வா" எண்டார். நான் கம்பியிலை காலை வைச்சன், அது ஆடிச்சுது. என்ரை வாய் தானாத் திறந்திட்டுது. "குறுக்காலை போவானே! நான் உனக்கு என்ன குறை வைச்சனான்? உன்ரை மீசையும் நீயும்! நீ போடுற கோப்பி பாத்திரம் கழுவின தண்ணி, அதைக்கூட நான் வாய் திறக்காமல் குடிச்சனான்! உன்னைப் பெத்த மனுசி உன்னைத் தொட்டிலிலை கட்டி வைச்சிருந்தால் நான் ஏனடா இஞ்சை தொங்கிறன்!" தமிழ்தானே, இந்தக் கிடங்குக்குள்ளை ஆருக்கு விளங்கப்போகுது? அடக்கி வைச்சிருந்த எல்லாத்தையும் கொட்டினன். வாய் வைய வைய, கை தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டு போச்சு.

நடுவிலை ஒருக்கால் குனிஞ்சு பாத்தன். தண்ணி பச்சையெண்டால் அப்பிடி ஒரு பச்சை, அடியிலை கிடந்த ஒவ்வொரு கல்லும் தனித்தனியாத் தெரிஞ்சுது. நான் வையிறதையும் மறந்துபோய்ப் பாத்துக்கொண்டு நிண்டன். அந்தச் சனம் ஏன் கதை பேச்சில்லாமல் வெளியிலை வருகுது எண்டு அப்பதான் விளங்கிச்சுது. கண் கலங்கிப்போச்சு. பேந்து கம்பி ஆடிச்சுது, விட்ட இடத்திலை இருந்து திரும்பவும் துவங்கினன்.

முடிவிலை, மேலை போன எங்கடை பாதையும் ஆத்தோரமா வாற நடைபாதையும் ஒண்டாச் சேரும். அங்கை ஒரு தமிழ்ச் சோடி எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. "வணக்கம் அக்கா" எண்டார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பாலத்துக்குக் கீழைதான் நிண்டனாங்கள். ஆத்திலை தண்ணி குறைவு, எல்லாம் கேட்டது. பாறையிலை பட்டு ரெண்டு தரம் கேட்டது." ஏன் சிரிக்கிறார் எண்டு ரெட்டோ கேட்டார். அந்த மனுசன் கூரிலை ஆஸ்பத்திரியிலை வேலையாம், ரெட்டோவைப்போலவே சுவிஸ் டொச் பாசை கதைக்கிறார். நான் கண் காட்டக் காட்ட மீசை, கோப்பி, பெத்த மனுசி, தொட்டில் எண்டு ஒண்டும் விடாமல் மொழிபெயர்த்துப்போட்டார். முடிஞ்சுது, திரும்பவும் நிலக்கீழ் அறைதான், ஏறியும் வேலை போச்சுது எண்டு நான் பக்கத்திலை கிடந்த கல்லிலை குந்தியிட்டன். ரெட்டோ வந்து என்ரை ஹெல்மெட்டைக் கழட்டிக் கையிலை எடுத்தார்.

"வாய் என்னவும் சொல்லட்டும், நான் கொக்கியைத்தான் பாத்தனான், ஒருக்காலும் ரெண்டும் ஒண்டாக் கழரேல்லை. மே மாதம் வேலைக்கு வா, கோப்பியை நீயே போடு."

ஆகவே, என்னைப்போல முதலாளியைத் தமிழிலை வைஞ்சு மனம் ஆறுற சக சீவன்களே, சுவிஸிலை எந்தப் பள்ளத்துக்கு மேலை தொங்கினாலும் கீழை ஒரு தமிழாள் நிக்கிறாரோ எண்டு ஒருக்கால் எட்டிப் பாத்துப்போட்டு வாயைத் திறவுங்கோ.