வினிபிரட்டின் சிரிக்கிற கொழுக்கட்டை

வினிபிரட்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பகலெல்லாம் அச்சுவேலியில் ஓர் ஆலையில் மிளகாய்த்தூள் பைக்கற் கட்டுவாள். வீட்டுக்கு வந்தால் தும்மிக்கொண்டே பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவாள். கலியாணம் கட்டவில்லை, ஒரே தமக்கை கனடாவில். ஐம்பது தாண்டியும் ஊஞ்சலைக் கண்டால் ஏறி இருக்கிற ஆள். நான் வேலிக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரி.

நத்தார் காலத்தில் மட்டும் அவள் முகம் சுருங்கிப்போகும். தேவாலயத்துக் கரோல்காரர் லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் வீடு வீடாகப் போய், உள்ளே இருந்து பாடிச் சாப்பிட்டுக் கூத்தடிப்பார்கள். இவள் வீட்டில் மட்டும் படலையில் நின்று ஒரு பாட்டோடு போய்விடுவார்கள். தனியாளாம், கரைச்சல் கொடுக்கக்கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வேண்டியதே அந்தக் கரைச்சல்தான் என்பது இந்தப் புத்திசாலிகளுக்கு விளங்குவதில்லை.

"இந்த முறை எல்லாரையும் உள்ளுக்கை வரப் பண்ணுறன், உதயகலா. பார்ட்டி வைக்கப்போறன். வந்து மாக் குழை," என்றாள்.

நான் சைவக்காரி, கொழுக்கட்டை என்றால் கை தானாக ஓடும். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து, வாய்க்கு ஒன்றாய் உருட்டினோம். அவள் பீற்றூட் சாற்றில் கொஞ்ச மாவைச் சிவப்பாக்கி எல்லாவற்றுக்கும் தொப்பி போட்டாள். எள்ளால் கண். ஒவ்வொன்றும் ஒரு நத்தார் பப்பா. ஒன்றுக்குக் கண் கோணிப்போக, "எங்கடை ஊர் விதானையார் மாதிரிக் கிடக்கு," என்றாள்.

"எல்லாம் உம்மெண்டு இருக்குது. சிரிக்க வேணும்," என்று தேங்காய்ச் சொட்டை நறுக்கி ஒவ்வொரு வாயிலும் பல்லாகக் குத்தினாள். அவித்து இறக்கித் தேங்காய்ப்பூத் தாடியும் வைத்தபின், தட்டு நிறையப் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தவற்றைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு இடுப்புப் பிடித்துவிட்டது.

குழந்தைக்கு முதல் பல் முளைத்தால், வேதக்காரரோ சைவக்காரரோ எங்கள் ஊரில் எல்லோரும் தேங்காய்ச் சொட்டைப் பல்லாக வைத்துக் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டுவோம். அதுதான் பல்லுக் கொழுக்கட்டை. என்னதான் தொப்பியும் தாடியும் வைத்தாலும் நாங்கள் அவித்ததும் அதுவேதான். இரண்டு எருமைகளின் மூளைக்கும் அது ஏறவில்லை.

பொழுதுபட லான்ட்மாஸ்டர் வந்தது. முன்னுக்கு நத்தார் பப்பா வேசத்தில் துரைராஜா அண்ணை. பருத்தித்துறை பஸ் ஓட்டி இளைப்பாறியவர். கரோலில் அவர் வைத்ததுதான் சட்டம். போன கிழமைதான் பல்லுச்செற் கட்டியிருந்தார். அந்த வெட்கத்தில் முகமூடியைக் கழற்றவே மாட்டார்.

வினிபிரட் படலையை அகலத் திறந்து, "அண்ணை, உள்ளுக்கை வாங்கோ," என்று தட்டை நீட்டினாள்.

மேளம் அடிக்கிற அனோஜன் தட்டைப் பார்த்தான். பிறகு துரைராஜா அண்ணையைப் பார்த்தான். "பல்லுக் கொழுக்கட்டை. என்ன அன்ரி, மாமாவுக்குப் பல்லு வந்ததுக்கோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வினிபிரட் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். "ஐயோ அண்ணை, சத்தியமா நான் அப்பிடி நினைக்கேல்லை." அவர் முகமூடியைக் கழற்றினார். இந்த மனிதர் திரும்பி வண்டியில் ஏறினால் மற்றவர்களும் ஏறிவிடுவார்கள். இவள் இனி ஒரு நத்தாருக்கும் படலை திறக்கமாட்டாள். எனக்கு அனோஜனின் காதைத் திருகவேண்டும் போலிருந்தது.

துரைராஜா அண்ணை விடுவிடென்று விறாந்தைக்குப் போனார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு மொட்டைத் தலையைக் குனிந்தார்.

"என்ன பிள்ளை, பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பல்லு வந்தவனுக்குக் கொட்டு."

அள்ளி அள்ளிக் கொட்டினாள். கூட்டம் முழுக்க உள்ளே பாய்ந்து உருண்டதைப் பொறுக்கியது. மடியில் விழுந்த ஒன்றை அவர் கடிக்க, மாவில் ஒட்டிக்கொண்டு மேல் பல்லுச்செற் கொழுக்கட்டையோடு வெளியே வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டி, பொக்கை வாயால் அவர் சிரித்த சிரிப்பில் நான் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன். வினிபிரட்டுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது.

பாடி ஆடிக் களைத்து எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். அவள் படலையில் நின்று கையசைத்தாள்.

"என்ன நிக்கிறாய்? ஏறன்," என்றார் துரைராஜா அண்ணை.

"நானோ?"

"ஓம், நீதான். இன்னும் கன வீடு கிடக்கு. உந்தத் தட்டிலை மிஞ்சினதையும் கொண்டு ஏறு."

வீட்டுச் சட்டையோடு, கையெல்லாம் மாவோடு ஏறினாள். விளக்கை நூர்க்கவில்லை, என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்கப் பாடிக்கொண்டு போய்விட்டாள். அவளைத் திட்டிக்கொண்டே நான்தான் விறாந்தையைக் கூட்டிக் கதவைப் பூட்டினேன்.